நார்வேயின் மலை ரயில்கள்: பயணம் திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நார்வேக்குப் போகக் கிளம்பும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் அந்த நாட்டு ரயில்களில் மூன்று தடவை சுற்றியிருக்கிறேன். கோடையில் இரண்டு முறை, மார்ச் மாதப் பனியில் ஒரு முறை. கட்டணமும் நேர அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அவற்றை இங்கே எழுதவில்லை. பாதைகளும் மலைகளும் மாறாது. அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நார்வேயில் பார்க்க வேண்டிய ரயில் பாதைகள் எவை?

ஐந்து பெயர்கள் தெரிந்தால் போதும். தலைநகர் ஒஸ்லோவிலிருந்து மேற்கே, கடலோர நகரமான பெர்கனுக்குப் போவது பெர்கன் பாதை. அந்தப் பாதையில் மிர்டால் என்ற மலை ஸ்டேஷனில் பிரிந்து, கடல்நீர் உள்ளே புகுந்த பள்ளத்தாக்கு வரை இறங்குவது ஃப்லோம் பாதை. இப்படிக் கடல் புகுந்த பள்ளத்தாக்கைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். ஒஸ்லோவிலிருந்து வடக்கே டிரான்ட்ஹைம் வரை ஓடுவது டோவ்ரே பாதை. அதில் டோம்போஸ் என்ற ஊரில் பிரிந்து ஓன்டால்ஸ்னெஸ் போவது ராவுமா பாதை. டிரான்ட்ஹைமில் தொடங்கி ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி பூடோ வரை போவது நூர்லான் பாதை.

வடக்கே நார்விக் என்ற துறைமுகத்துக்கும் ஒரு சின்னப் பாதை உண்டு. ஆனால் நார்வேயின் மற்ற ரயில் பாதைகளோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஸ்வீடன் வழியாகத்தான் அங்கே ரயிலில் போக முடியும். தெற்குக் கரையை ஒட்டி ஸ்டாவங்கர் போகும் பாதையும் இருக்கிறது. மலைக்காகப் போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

எனக்கு ஒரே ஒரு ரயில் பயணத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

பெர்கன் பாதை. யோசிக்கவே வேண்டாம். ஆனால் பகல் ரயிலில் போங்கள்.

ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரம் வயலும் ஏரியும் ஊசியிலைக் காடும்தான். பலர் அந்த நேரத்தில் "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று போனை எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கெய்லோ தாண்டியதும் மரங்கள் குட்டையாகும், அப்புறம் புதராகும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. பாறை, பாசி, தண்ணீர், பனி மட்டும்தான். ரயில் இப்போது ஹார்டாங்கர் பீடபூமியின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபின்சே ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நார்வே ரயில்வேயின் மிக உயரமான ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து மேற்கே போகப் போக இறக்கம். மறுபடி புதர், மறுபடி காடு, வோஸ் ஏரி, கடைசியில் கடல். ஒரு நாட்டின் எல்லா உயரங்களையும் ஒரே பகலில் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

இந்தப் பாதை முழுதாகத் திறக்கப்பட்டது 1909 நவம்பரில். அந்த மலை மேல் அப்போது சாலையே கிடையாது. பாதை போடுவதற்கான சாமான்களைக் கொண்டுபோக முதலில் ஒரு வண்டிச் சாலை வெட்டினார்கள். கையால் பாறை உடைத்து இந்த வேலையைச் செய்தவர்களை அந்த ஊரில் 'ராலார்' என்பார்கள். அந்தச் சாலைக்கு இன்றைக்கும் அவர்கள் பெயர்தான், 'ராலார்வேகன்'. ஹேகஸ்டோலில் தொடங்கி ஃப்லோம் வரை சுமார் 80 கிலோமீட்டர். இப்போது சைக்கிள்காரர்கள் போகிறார்கள். ரயில் ஜன்னலிலிருந்து பக்கத்திலேயே வளைந்து வளைந்து வரும் மண் சாலை தெரிந்தால் அதுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். காட்சி உச்சத்துக்கு வரும் இடத்தில்தான் சுரங்கங்களும் அதிகம். பனி மூடாமல் இருக்கப் பாதை மேல் மரக்கூரை போட்ட இடங்களும் உண்டு. ஃபின்சேக்கு மேற்கே 1993இல் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கம் திறந்தார்கள். அதற்கு முன்னால் ரயில் 1301 மீட்டர் வரை ஏறி, திறந்த வெளியில் போய்க்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்த இடத்தில் பனியோடு போராட வேண்டியிருந்ததால் இந்த மாற்றம். ரயில் தடையில்லாமல் ஓடுகிறது, காட்சியில் கொஞ்சம் போய்விட்டது. கேமராவைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் பத்து நொடிதான் கிடைக்கும், அதைக் கண்ணால் பார்ப்பதே மேல்.

2009இல் பாதையின் நூற்றாண்டையொட்டி நார்வே அரசுத் தொலைக்காட்சி இந்த முழுப் பயணத்தையும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒரே நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. போவதற்கு முன்னால் அதைத் தேடிப் பிடித்து அங்கங்கே ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வழியில் இறங்குவதால் என்ன லாபம்? நேராக பெர்கனுக்கே போய்விடலாமே?

என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: மலை மேல் ஒரு ராத்திரி தங்குங்கள். ஃபின்சேயில்.

ஃபின்சேக்குப் பொது வாகனச் சாலை கிடையாது. ரயிலில் வரலாம், நடந்து வரலாம், பனிச்சறுக்கில் வரலாம், கோடையில் சைக்கிளில் வரலாம். ரயில் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு அந்தச் சத்தம் சுரங்கத்துக்குள் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் காற்று மட்டும்தான். நான் போனது ஜூன் நடுவில். பிளாட்பாரத்துக்குக் கீழே ஏரியில் பாதி இன்னும் உறைந்திருந்தது. பனித்தட்டுகள் கரையில் ஒன்றோடொன்று உரசி, கண்ணாடி வளையல்கள் மோதுவது போல மெல்லிய ஒலி எழுப்பின. எதிர்ப்பக்கம் ஹார்டாங்கர்யோகுலன் பனியாறு, மேசை மேல் விரித்த வெள்ளைத் துணி மாதிரி. இரவு பதினோரு மணிக்கும் அதன் மேல் வெளிச்சம் இருந்தது. ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்திருப்பது இரண்டு மூன்று நிமிடம்.

தங்க ஸ்டேஷனை ஒட்டியே ஒரு விடுதி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நார்வே மலையேற்றச் சங்கத்தின் குடிலும் உண்டு. இரண்டுமே வருடம் முழுக்கத் திறந்திருக்காது, அதனால் முதலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள். பாதை போட்ட தொழிலாளர்களைப் பற்றி அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. தென்துருவப் பயணத்துக்கு முன்னால் ஷாக்கில்டன் 1914இல் தன் கருவிகளைச் சோதித்துப் பார்க்க வந்ததும் இந்த ஃபின்சேக்குத்தான். ஒரு நடை போய்வந்தால் அவர் ஏன் இங்கே வந்தார் என்பது உங்களுக்கே புரியும்.

ஃப்லோம் ரயில் அவ்வளவு பெரிய விஷயமா? விலை அதிகமாக இருக்கிறதே?

தூரம் வெறும் 20 கிலோமீட்டர், நேரம் ஒரு மணிக்கும் சற்றுக் குறைவு. அந்தத் தூரத்துக்குக் கட்டணம் அதிகம்தான். ஆனால் அந்த 20 கிலோமீட்டரில் ரயில் 867 மீட்டர் உயரத்திலிருந்து கிட்டத்தட்டக் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. பெரும்பகுதியில் 18 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம். பல்சக்கரம் எதுவும் இல்லாமல், சாதாரணத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலுக்கு இது மிகச் செங்குத்து. 20 சுரங்கங்களில் 18ஐக் கையாலேயே குடைந்தார்கள். மலைக்குள்ளேயே பாதை திரும்பித் திரும்பி இறங்குவதால் ஒரே அருவியை வேறு வேறு உயரத்திலிருந்து பார்க்கலாம். 1920களில் தொடங்கிய வேலை, ரயில் ஓட 1940 ஆகிவிட்டது.

வழியில் ஷோஸ்ஃபோசன் அருவிக்குப் பக்கத்தில் ரயில் சில நிமிடம் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள், நீங்களும் இறங்குங்கள். மே, ஜூனில் பனி உருகும் காலத்தில் அந்த மேடையில் நின்றால் முகமும் கேமராவும் நனையும். துடைக்க ஒரு துணி கையில் வையுங்கள். கோடையில் அருவிப் பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் ஆடுவார். 'ஹுல்டர்' என்ற காட்டு மோகினி பற்றிய அவர்களின் நாட்டுப்புறக் கதைதான் அது. எனக்கு அந்த இசை இல்லாமல் அருவியின் சத்தம் மட்டும் போதும் என்று தோன்றியது. என்னோடு வந்த குழந்தைகளுக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த இடம்.

என் தீர்ப்பு: போகலாம், ஆனால் ஒரு வழி மட்டும். மேலிருந்து கீழே வாங்க, பிறகு படகில் வெளியேறுங்கள். ஃப்லோமிலிருந்து குட்வாங்கன் வரை படகு சுமார் இரண்டு மணி நேரம் போகும். அது நுழைகிற நேரோய் ஃபியோர்டு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து நிற்க, தண்ணீர் அசையாமல் கிடக்கும். குட்வாங்கனிலிருந்து பஸ்ஸில் வோஸ் போனால் மறுபடி பெர்கன் ரயிலைப் பிடிக்கலாம்.

நேரத்தை மட்டும் கவனியுங்கள். பெரிய பயணக் கப்பல் நிற்கும் நாளில் ஃப்லோம் கிராமம் தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிடும். அங்கே ஒரு இரவு தங்கினால் காலை ஏழு மணிக்கு அந்த ஊர் உங்களுடையது.

ரயில், படகு, பஸ் எல்லாம் சேர்த்து விற்கும் பேக்கேஜ் வாங்கலாமா?

ஒரே நாளில் ஒஸ்லோவிலிருந்து பெர்கன் வரை எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்றால் வாங்கலாம், தலைவலி குறையும். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார்கள், டிக்கெட்டுகளை மட்டும் கோத்துக் கொடுப்பார்கள். அதே ரயில், அதே படகு, அதே பஸ்ஸை நீங்களே தனித்தனியாகவும் எடுக்கலாம். நடுவில் தங்க நினைப்பவர்களுக்குத் தனித்தனியாக எடுப்பதே வசதி, பெரும்பாலும் செலவும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. முதல் பயணத்தில் நான் ஒரு ஏஜென்சி மூலம் எடுத்தேன். மிர்டாலில் ரயில் மாற எட்டே நிமிடம் வைத்திருந்தார்கள். பெர்கன் ரயில் தாமதமாக வந்தது, ஃப்லோம் ரயில் போய்விட்டது. மலை உச்சி ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம், படகையும் தவறவிட்டோம். மிர்டாலில் ஒரு மணி நேரம் இடைவெளி வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அங்கே பார்க்க மலை இருக்கிறது.

ராவுமா பாதை பற்றி யாரும் சொல்வதில்லையே. போகத் தகுந்ததா?

எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான பாதை இது. டோம்போஸிலிருந்து ஓன்டால்ஸ்னெஸ் வரை 114 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர அளவு. 1924இல் திறந்தது. இன்னும் மின்மயமாகவில்லை, டீசல் ரயில்தான். ஃப்லோமில் பார்க்கும் கூட்டத்தில் கால்வாசி கூட இங்கே இருக்காது.

ரயில் ராவுமா ஆற்றோடு கூடவே இறங்குகிறது. அந்த ஆற்றின் நிறத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அடியில் விளக்கு எரிவது போன்ற பச்சை. வெர்மா பக்கத்தில் பள்ளத்தாக்கு திடீரென்று ஆழமாகிவிடும். நேராக இறங்க முடியாத இடத்தில் பாதை மலைக்குள் புகுந்து, குதிரை லாடம் போல வளைந்து, கீழே வந்த திசைக்கே எதிராக வெளியே வரும். ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தால் சற்று முன்பு நீங்கள் போன தண்டவாளம் தலைக்கு மேலே தெரியும். அப்புறம் கில்லிங் பாலம். கல்லால் கட்டியது, ஆற்றிலிருந்து கிட்டத்தட்ட 60 மீட்டர் உயரம். கோடையில் பயணிகள் பார்ப்பதற்காக டிரைவர் வேகத்தைக் குறைப்பார்.

கடைசி அரை மணி நேரம் ரூம்ஸ்டால் பள்ளத்தாக்கு. இடதுபக்கம் ட்ரோல்வெகன், அதாவது பூதச் சுவர். ஐரோப்பாவிலேயே உயரமான செங்குத்துப் பாறைச் சுவர், ஆயிரம் மீட்டர் அளவு. அடியில் ரயில் போகும்போது சுவரின் உச்சியைப் பார்க்கக் கன்னத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைக்க வேண்டியிருந்தது.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் வந்தபோது நார்வேயின் தங்கக் கையிருப்பை இந்தப் பாதை வழியாகத்தான் ரயிலில் ஓன்டால்ஸ்னெஸ் துறைமுகத்துக்குக் கடத்திப்போய்க் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அந்த ஸ்டேஷன் அருகே பழைய ரயில் பெட்டி ஒன்றைச் சின்ன வழிபாட்டுக் கூடமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து மலை உச்சிக்குக் கம்பிவட ஊர்தியும் உண்டு, 2021இல் வந்தது.

ஆர்க்டிக் வட்டம் வரை ரயிலில் போக முடியுமா?

முடியும். டிரான்ட்ஹைமிலிருந்து பூடோ வரை நூர்லான் பாதை, 700 கிலோமீட்டருக்கு மேல், பத்து மணி நேர அளவு. சால்ட்ஃபியல் மலை மேல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் இடத்தில் பாதையோரம் கல் கூம்புகள் வைத்திருக்கிறார்கள். பகல் ரயிலில் அறிவிப்பும் செய்வார்கள். மரமில்லாத, வீடில்லாத வெட்டவெளி அது.

இந்தப் பாதையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள், சோவியத், யூகோஸ்லாவிய போர்க்கைதிகளைக் கொண்டு இதன் பெரும் பகுதியைக் கட்டாய வேலையில் போடவைத்தார்கள். குளிரிலும் பசியிலும் ஏராளமானோர் செத்தார்கள். பூடோ வரை பாதை முடிந்தது 1962இல். சால்ட்ஃபியலைக் கடக்கும்போது எனக்கு அந்த வெட்டவெளி அழகாக மட்டும் தெரியவில்லை.

பூடோவோடு பாதை முடிந்துவிடும். அங்கிருந்து லொஃபோடன் தீவுகளுக்குப் படகு உண்டு. நார்விக் போக வேண்டும் என்றால் பூடோவிலிருந்தோ அதற்கு முன்னால் வரும் ஃபௌஸ்கே ஸ்டேஷனிலிருந்தோ பஸ் பிடிக்க வேண்டும். நார்விக்கிலிருந்து ஸ்வீடன் எல்லை வரை 43 கிலோமீட்டர் ஓஃபோட்டன் பாதை. ஸ்வீடனின் கிருனா சுரங்கத்து இரும்புத்தாதுவை உறையாத துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. 68 வேகன் கோத்த தாது ரயில், முக்கால் கிலோமீட்டர் நீளத்தில், ஃபியோர்டுக்கு மேலே மலை விளிம்பில் ஊர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணத் தொடங்கினால் முடிக்க நேரமாகும்.

எந்த மாதம் நல்லது?

நான் ஜூன் முதல் பாதியைச் சொல்வேன். அருவிகளில் தண்ணீர் நிறைய, உச்சியில் பனி மிச்சம், கீழே எல்லாம் பச்சை, வெளிச்சம் தீராது. பூடோ பக்கம் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை நள்ளிரவிலும் சூரியன் மறையாது. செப்டம்பர் இரண்டாம் பாதி அடுத்தபடி. பீடபூமியின் செடிகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், கூட்டம் குறையும், அருவிகள் மெலிந்திருக்கும். ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் விடுமுறை எடுப்பார்கள், ரயில் பாதை பழுதுபார்க்கும் வேலைகளும் அப்போதுதான் நடக்கும்.

குளிர்காலத்தில் போக விரும்பினால் டிசம்பரைத் தவிர்த்து மார்ச்சில் போங்கள். டிசம்பரில் ஒஸ்லோவிலேயே பகல் ஆறு மணி நேரம்தான். மதியம் கிளம்பும் ரயிலில் ஏறினால் மலை வருவதற்குள் இருட்டிவிடும். மார்ச்சில் பகல் நீண்டிருக்கும், ஃபின்சேயில் பனி ஆளுயரம் தாண்டிக் கிடக்கும்.

பெர்கனில் எந்த மாதம் போனாலும் குடை வேண்டும். வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர்.

டிக்கெட் எப்போது, எங்கே எடுப்பது?

நெடுந்தூர ரயில்களுக்கு வழக்கமாகச் சுமார் 90 நாட்கள் முன்னால் விற்பனை திறக்கும். பாதை வேலை நடக்கும் காலத்துக்குச் சில சமயம் தாமதமாகும். முதலில் எடுப்பவர்களுக்கு மலிவு. அதே இருக்கைக்குக் கடைசி நாளில் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க நேரலாம். மலிவு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வராது.

பெர்கன் பாதையை ஓட்டுவது வீ நிறுவனம். டோவ்ரே, ராவுமா, நூர்லான் மூன்றையும் ஓட்டுவது எஸ்.ஜே. ஒவ்வொன்றின் செயலிக்கும் தனித்தனியாகப் போக வேண்டாம். என்டூர் என்ற பொதுச் செயலியில் எல்லா நிறுவனங்களின் ரயிலையும் பார்க்கலாம், டிக்கெட்டும் எடுக்கலாம். தொடர் ரயில்களை ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. முதல் ரயில் தாமதமாகி அடுத்தது தவறினால் உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவர்களுடையதாகிவிடும்.

டோவ்ரே பாதை ரயில்கள் ஒஸ்லோ விமான நிலையத்திலேயே நிற்கும். நேராக வடக்கே போகிறவர்கள் நகரத்துக்குள் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

ஒஸ்லோவிலிருந்து பெர்கன் போகும்போது இடதுபக்கம். ஃபின்சேயில் பனியாறு அந்தப் பக்கம்தான். டோம்போஸிலிருந்து ஓன்டால்ஸ்னெஸ் இறங்கும்போதும் பூதச் சுவர் இடதுபக்கம், ரூம்ஸ்டால் கொம்பு என்ற கூர்மலை வலதுபக்கம். எதிர்த்திசையில் வந்தால் இதையே மாற்றிக்கொள்ளுங்கள். ஃப்லோம் பாதையில் காட்சி இரண்டு பக்கமும் மாறி மாறி வரும், எங்கே உட்கார்ந்தாலும் சரி.

இரவு ரயிலில் போனால் ஹோட்டல் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். படுக்கை அறைகள் சுத்தமாக இருக்கும், தூக்கமும் நன்றாக வரும். ஆனால் ஒஸ்லோ–பெர்கன் வழியில் அதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். காலையில் எழுந்தபோது பெர்கன் வந்துவிட்டது, மலை போயே போய்விட்டது. இரவு ரயில் வேண்டுமென்றால் ஜூன் மாதத்தில் டிரான்ட்ஹைம்–பூடோவில் எடுங்கள். வடக்கே போகப் போக இரவே இருக்காது, திரையை விலக்கினால் போதும்.

திடீரென்று ரயில் ரத்தானால்?

'புஸ் ஃபோர் டோக்' என்ற மூன்று வார்த்தைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம். டிக்கெட் எடுக்கும்போதே அந்த நாளில் எந்தப் பகுதியில் பஸ் விடுகிறார்கள் என்று செயலியில் காட்டும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மலை பார்க்க ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு நெடுஞ்சாலைப் பஸ்ஸில் போக நேர்வது மிகவும் வருத்தமான விஷயம்.

திட்டமிட்ட வேலைகள் போக, இயற்கையின் கைவரிசையும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஹான்ஸ் புயல் மழையில் லோகன் ஆறு பெருகி, ரிங்கெபூ அருகே டோவ்ரே பாதையின் ரான்ட்க்லெவ் பாலம் ஆற்றில் சரிந்தது. அந்தப் பாதை முழுதாகத் திறக்க 2024 மே ஆகிவிட்டது. பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஓரிடத்தில் அடைத்தால் சுற்றிப்போக வழி குறைவு. ஊருக்குத் திரும்பும் விமானம் இருக்கும் நாளில் நீண்ட ரயில் பயணம் வேண்டாம். முந்தின நாளே ஒஸ்லோ வந்துவிடுங்கள்.

ஐரோப்பிய ரயில் பாஸ் லாபமா?

மூன்று நான்கு நீண்ட பயணம் இருந்து, தேதியை முன்கூட்டி முடிவு செய்ய முடியாது என்றால் லாபம். தேதி உறுதியானால் மலிவு டிக்கெட்டே குறைவாக வரும். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், மற்றவர்களுக்கு யூரெயில். ஃப்லோம் ரயிலில் பாஸைக் காட்டினால் கட்டணத்தில் தள்ளுபடிதான் கிடைக்கும், இலவசம் இல்லை. படுக்கைக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

சாப்பாடு?

நீண்ட தூர ரயிலில் கஃபே பெட்டி இருக்கும். காபி, ரொட்டி, சூடான சில பண்டங்கள். சைவத்துக்குத் தேர்வு குறைவு, விலையும் கையைக் கடிக்கும். ஊர்க்காரர்களே வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து சாப்பிடுகிறார்கள். அதற்கு 'மாட்பாக்கே' என்று பெயர். நாமும் அப்படியே செய்யலாம். ஒஸ்லோ ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள குரோன்லான் பகுதியில் ஆசியக் கடைகள் நிறைய உண்டு. குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம். காசாகக் கொண்டுபோக வேண்டாம், கார்டு போதும்.

வயதான அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. 67 வயது தாண்டியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. பெர்கன் ரயிலில் குழந்தைகள் விளையாட இடம் உள்ள குடும்பப் பெட்டி இருக்கும், அதில் இடம் கேட்டு எடுங்கள். பெட்டி தூக்க ஆள் கிடைக்காது. ஒருவர் தன்னால் தூக்க முடிகிற ஒரு பெட்டியோடு வருவது நல்லது. மலை ஸ்டேஷனில் இறங்கினால் ஜூலையிலும் குளிரும், ஸ்வெட்டரைப் பெட்டியின் மேலாகவே வையுங்கள்.

விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் விசா போதும். நார்விக்கிலிருந்து ஸ்வீடனுக்குள் போக வேறு விசா தேவையில்லை.

ஸ்டேஷன் பெயர் அறிவிப்பில் புரியவே இல்லையே?

எழுத்தும் உச்சரிப்பும் வேறு வேறு. தலைக்கு மேல் குட்டி வளையம் போட்ட 'ஏ' எழுத்தை 'ஓ' மாதிரிச் சொல்வார்கள். அதனால்தான் ஃப்லோம், ஓன்டால்ஸ்னெஸ். நான் மேலே கெய்லோ என்று எழுதிய ஊரை அவர்கள் 'யெய்லூ' என்பார்கள். இறங்கும் ஸ்டேஷனின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

ஒன்பது நாளுக்கு ஒரு திட்டம் சொல்லுங்களேன்.

வந்த வழியே திரும்பாத ஒரு சுற்று சொல்கிறேன். முதல் நாள் ஒஸ்லோவில் ஓய்வு. இரண்டாம் நாள் காலை ரயிலில் ஃபின்சே, இரவு அங்கே. மூன்றாம் நாள் மிர்டால் வழியாக ஃப்லோம், இரவு அங்கே. நான்காம் நாள் காலைப் படகில் குட்வாங்கன், பஸ்ஸில் வோஸ், ரயிலில் பெர்கன். ஐந்தாம் நாள் பெர்கனில் மழையோடு நடங்கள். ஆறாம் நாள் இரவு, கரையோரமாக வடக்கே போகும் கப்பலில் ஏறினால் ஏழாம் நாள் காலை ஓலெசுண்டில் இறங்கலாம். 1904 தீ விபத்துக்குப் பிறகு ஒரே பாணியில் திருப்பிக் கட்டிய அழகான ஊர். மாலையில் பஸ் பிடித்து ஓன்டால்ஸ்னெஸ், இரவு அங்கே. எட்டாம் நாள் ராவுமா பாதையில் டோம்போஸ் ஏறி, ரயில் மாறி, மியோசா ஏரிக்கரை வழியாக ஒஸ்லோ. ஒன்பதாம் நாள் கையில் மிச்சம்.

எட்டு நாள்தான் இருக்கிறது என்றால் பெர்கனில் ஒரு நாளைக் குறையுங்கள். ஃபின்சே இரவைத் தொடாதீர்கள்.